வெளியே தலைகாட்டாத சின்ன மீன்கள்: ஒளியும் இடத்தைக் கூட்டணுமா, குறைக்கணுமா?

#1 அலைநுரை

கடல்நீர் மீன்தொட்டி, 60×45×45 செ.மீ. பாறையும் மணலும் போக தண்ணீர் சுமார் 95 லிட்டர். ஆறு மாசமா ஓடுது. அடர்த்தி 1.025, வெப்பம் 25.5, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 10. மணல் 3 செ.மீ. பாறை முழுக்க பின் கண்ணாடியில சாய்ச்ச சுவர் மாதிரி இருக்கு. வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கற பம்ப்) ஒண்ணு, மணிக்கு 4000 லிட்டர்.

மீன்கள்: ஆசெல்லாரிஸ் கிளவுன் (கோமாளி மீன்) ஒரு ஜோடி (ஆரம்பத்திலிருந்து), ஃபயர்ஃபிஷ் ஒண்ணு (மூணு வாரம்), மணல்ல வளை தோண்டற மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒண்ணு (பத்து நாள்).

ஃபயர்ஃபிஷ் சாப்பாட்டு நேரத்துல மட்டும் வந்து ரெண்டு துகளைக் கவ்விட்டு ஓடிடுது. கோபியை விட்ட அன்னிக்குப் பார்த்ததோட சரி. பாறையைக் கலைச்சுத் தேடவா? ஒளியற இடம் அதிகமா இருக்கறதாலதான் வெளியே வரலைன்னு ஒரு கருத்து இருக்கே, பாறையைக் குறைச்சுப் பார்க்கலாமா?

#2 வளைக்காவல்

பாறையில கை வைக்காதீங்க. ரெண்டு கேள்விக்கும் அதுதான் பதில்.

வாட்ச்மேன் கோபிக்குப் பத்து நாள் ஒரு கணக்கே இல்லை. ரெண்டு மூணு வாரம் காணாமப் போயிட்டு, ஒருநாள் மணல்ல வாயை ஆன்னு திறந்துகிட்டு உட்கார்ந்திருக்கும். நீங்க பாறையைத் தூக்கினா அது தோண்டி வச்ச வளை இடியும். பத்து நாளும் மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும்.

உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்னா, விளக்கு அணைஞ்சு ஒண்ணரை மணி நேரம் கழிச்சு சிவப்பு டார்ச் அடிச்சுப் பாருங்க. பெரும்பாலான பவளப்பாறை மீன்களுக்குச் சிவப்பு சரியாத் தெரியாது. சிவப்பு டார்ச் இல்லைன்னா சாதா டார்ச்ல சிவப்பு செலோஃபேன் ரெண்டு மடிப்பு கட்டினாப் போதும். அதுக்கு முன்னாடி தொட்டிக்குப் பின்னாடி தரையையும், ஃபில்டர் அறையையும், சம்ப் (கீழே வைக்கற துணைத் தொட்டி) இருந்தா அதோட வடிகட்டிப் பையையும் பார்த்துடுங்க. மூடி இருக்கா? அதை நீங்க சொல்லவே இல்லை.

அமோனியா ஏறலைங்கறதை வச்சு சாகலைன்னு முடிவு பண்ண முடியாது. 6 செ.மீ மீன் செத்தா நத்தை, நண்டு, முள்புழு எல்லாம் சேர்ந்து ஒரு ராத்திரியில முடிச்சிடும். 95 லிட்டர்ல சோதனைக் குழாய் நிறம்கூட மாறாம இருக்கலாம்.

#3 உப்புமானி

ஒளிவிடத்தைக் குறைத்தால் மீன் வெளியே வரும் என்பது தலைகீழான கணக்கு. சின்ன மீனைப் பொறுத்தவரை கூச்சம் என்பது குணமல்ல, தூரம். ஆபத்து வந்தால் பொந்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வைத்துத்தான் அது எவ்வளவு தூரம் வெளியே வருவது என்று தீர்மானிக்கிறது. தொட்டியில் ஒரே ஒரு பொந்து, அதுவும் பின்சுவரில் என்றால் அதன் உலகம் அந்தப் பொந்திலிருந்து ஒரு சாண். முன்பக்கம், நடுவில், ஓரத்தில் என்று ஐந்தாறு பொந்துகள் இருந்தால் எங்கே நின்றாலும் பக்கத்தில் ஒரு கதவு இருக்கும். அப்போது முழுத் தொட்டியும் அதன் உலகம்.

ஃபயர்ஃபிஷ்ஷைக் கவனித்தால் இது கண்ணுக்குத் தெரியும். முதுகில் நீண்டிருக்கும் அந்த ஒற்றை இழையைப் பாருங்கள். நிம்மதியாக இருக்கும்போது சோம்பலாக எப்போதாவது ஒரு சொடுக்கு. சந்தேகம் வந்தால் சொடுக்கு வேகமாகும், உடல் மெல்லப் பொந்தின் பக்கம் நகரும், கண் மட்டும் உங்கள் மேல் இருக்கும். இன்னும் ஒரு அசைவு, மீன் அங்கே இருக்காது. அந்த இழை சொடுக்கும் வேகம்தான் உங்களிடம் இருக்கும் மீட்டர். தொட்டியில் எதை மாற்றினாலும் மாற்றியபின் அதைப் பாருங்கள்.

#4 பாசிப்பச்சை

ஒரு மாற்றுக் கருத்து. பொந்து எல்லாம் சரி, ஆனா இங்க பிரச்சினை கிளவுன் ஜோடின்னு நினைக்கிறேன். ஆறு மாசம் முன்னாடியே வந்து மொத்த 60 செ.மீ.யையும் தங்களோடதுன்னு எழுதி வச்சிருக்கும். ஜோடி சேர்ந்து முட்டை வைக்க ஆரம்பிச்சா பாதித் தொட்டிக்குள்ள யாரையும் விடாது. கூச்சமீனை எப்பவும் முதல்ல விடணும், முரடனைக் கடைசியில. வரிசை மாறிப்போச்சு.

#5 வளைக்காவல்

> இங்க பிரச்சினை கிளவுன் ஜோடின்னு நினைக்கிறேன்

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நினைக்க வேணாம், பார்த்துடலாம். அலைநுரை, ஒரு வேலை பண்ணுங்க. போனை ஸ்டாண்டுல வச்சு 45 நிமிஷம் வீடியோ ஓட விட்டு அறையை விட்டு வெளியே போயிடுங்க. கதவைச் சாத்திடுங்க. முதல் பத்து நிமிஷத்தைக் கணக்குல எடுக்காதீங்க, நீங்க போன அதிர்ச்சி அடங்கற நேரம் அது.

யாரும் இல்லாதப்ப மீன் தாராளமா வெளியே இருந்தா, அது பயப்படறது உங்களைப் பார்த்து. அப்போ கண்ணாடி, வெளிச்சம், நடமாட்டம் இதைச் சரி பண்ணணும். யாரும் இல்லாதப்பவும் ஒளிஞ்சே இருந்தா, காரணம் தொட்டிக்குள்ள இருக்கு: துரத்தற மீன், நீரோட்டம், இல்லை நோய். வெளியே வந்து உடனே திருப்பி அடிக்கப்பட்டா அதுவும் தெரிஞ்சிடும். இந்த ஒரு வீடியோ இல்லாம நாம எல்லாரும் இங்க ஜோசியம்தான் சொல்லிட்டிருப்போம்.

#6 உப்புமானி

வீடியோவில் இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, வயிறு. செவுளுக்குப் பின்னால் வயிறு உள்வாங்கிக் குழி விழுந்திருந்தால் அது பட்டினி அல்லது குடல் ஒட்டுண்ணி. கூச்சம் என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு, மூச்சு. நகராமல் நிற்கும்போதும் செவுள் படபடவென்று அடித்தால், அல்லது வேவ்மேக்கரின் நீரோட்டத்திலேயே போய் நின்றால் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோயைச் சந்தேகியுங்கள். அதற்கு நாள் கணக்கில் காத்திருக்க நேரமில்லை.

#7 அலைநுரை

மூடி இருக்கு, சதுரக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் விளக்குத் தட்டு. வீடியோ எடுத்தேன். 20வது நிமிஷத்துல கோபி இடது பக்கம் பாறை அடியிலேர்ந்து தலையை நீட்டிச்சு! வயிறு உருண்டையாத்தான் இருக்கு. ஃபயர்ஃபிஷ் 14வது நிமிஷம் வெளியே வந்துச்சு. நாலு தடவை பெரிய கிளவுன் பாய்ஞ்சு உள்ளே அனுப்பிடுச்சு, நாலும் வலது பக்கம் பம்ப் கிட்ட. இடது பக்கம் வந்தப்ப கிளவுன் கண்டுக்கலை, ஆனா மீன் நீரோட்டத்துல தள்ளாடிட்டு உள்ளே போயிடுச்சு.

#8 வளைக்காவல்

முதல்ல மூடி. அந்த விளக்குத் தட்டோட கட்டம் சுமார் 12, 13 மி.மீ இருக்கும். ஃபயர்ஃபிஷ் அதுக்குள்ள நூல் மாதிரி போயிடும். இன்னிக்கே மாத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

ஜன்னல் கொசுவலைக்குப் போடற அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் மூலைத்துண்டு, ரப்பர் கயிறு, கூடவே நிறமில்லாத பாலிப்ரோபிலீன் வலை. 6 மி.மீ கண் ஃபயர்ஃபிஷ்ஷுக்குப் போதும். ட்ரிம்மா, எவியோட்டா மாதிரி 2, 3 செ.மீ கோபி வச்சா 3 மி.மீ. உலோகக் கம்பிவலை வேணாம், உப்புநீர் பட்டுத் துரு தொட்டிக்குள்ள விழும். முழுக் கண்ணாடி மூடி போட்டாலும் மீன் தாவாது, ஆனா காற்றுப் பரிமாற்றம் குறையும், சூடும் ஏறும்.

மீன் போறது நடு வலை வழியா இல்லை, ஓரத்துல. ஹீட்டர் ஒயர், பம்ப் ஒயர், தொங்கும் ஃபில்டர் இதுக்கெல்லாம் சட்டத்துல வெட்டு விடுவீங்களே, அந்த 1 செ.மீ சந்து. ஒயர் போற இடத்துல ஸ்பாஞ்சு துண்டை அழுத்தி அடைங்க. சாப்பாடு போட வாசல் வச்சா கீல் போட்ட மூடி இருக்கணும். “அப்புறம் மூடிக்கலாம்”னு விட்ட வாசல்லதான் காலையில கருவாடு கிடக்கும்.

#9 உப்புமானி

தாவுவதற்கு ஒரு முக்கியக் காரணம் விளக்கு திடீரென்று அணைவது. பட்டென்று இருட்டானால் மீனுக்குத் தன் பொந்து எங்கே என்று தெரியாது, அருகில் ஏதோ உரசினால் மேலே பாய்கிறது. எல்இடியில் ஏற்ற இறக்கம் இருந்தால் காலையில் 60 நிமிடம், மாலையில் 60 நிமிடம் படிப்படியாக வையுங்கள். இல்லாவிட்டால் தொட்டி விளக்கு அணைந்தபின் அறை விளக்கு அரைமணி நேரம் எரியட்டும். மின்சாரம் போனாலும் இதே கதைதான். மூடி அதற்கும் சேர்த்துத்தான்.

அடுத்து நீரோட்டம். 95 லிட்டருக்கு மணிக்கு 4000 என்றால் 42 மடங்கு. பவளத்தோட்டத்துக்கு அது பழக்கம்தான், இந்த மீன்களுக்குப் பிழைப்பில்லை. 15 மடங்கு, அதாவது 1400 லிட்டர் போதும். ஃபயர்ஃபிஷ் நீரோட்டத்தை எதிர்த்து அந்தரத்தில் நின்று மிதவைகளைப் பொறுக்கும் மீன், ஓட்டமே இல்லாமலும் இருக்கக் கூடாது. ஒரு சோதனை: வளைவாயில் சிட்டிகை உணவை விடுங்கள். துகள்கள் இரண்டு மூன்று நொடியாவது அங்கே சுற்ற வேண்டும். அம்பு மாதிரி பறந்தால் பம்பைத் திருப்புங்கள், மேல்மட்டத்தை நோக்கி.

#10 பாசிப்பச்சை

நாலு அடியும் வலது பக்கம்தானே, சொன்னேன் இல்லை? கிளவுன் அந்த மூலையைப் பிடிச்சிருக்கு. ஆனா இடது பக்கம் விட்டு வைக்குதுன்னா நிலைமை கைமீறலை. அதை வெளியே அனுப்பச் சொல்லியிருப்பேன், இப்போ சொல்லலை. பாறையை ரெண்டு தீவாப் பிரிச்சா ஒருத்தர் பார்வை இன்னொருத்தர் மேல படாது. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

#11 அலைநுரை

பாறையில கை வைக்காதீங்கன்னு #2ல சொன்னாங்க, இப்போ பிரிக்கச் சொல்றீங்க!

#12 வளைக்காவல்

நியாயமான கேள்வி. கோபி இருக்கற இடது அடிப்பாறையைத் தொடாதீங்க. வலது பாதியை மட்டும் எடுங்க. கிளவுனோட அடையாளம் கலையறதும் நல்லதுதான், ஒரு நாள் அதுவும் புதுசா வந்த மாதிரி முழிக்கும்.

எப்படி அடுக்கணும்: பாறை நேரா அடிக்கண்ணாடியில உட்காரணும், மணல் மேல இல்லை. மணல் மேல வச்சா கோபி அடியில தோண்டும், பாறை சரியும், மீன் நசுங்கும், இல்லை கண்ணாடி விரியும். வலது தீவுக்கும் இடதுக்கும் நடுவுல 10 செ.மீ, கண்ணாடிக்கும் பாறைக்கும் எல்லாப் பக்கமும் 8 செ.மீ விடுங்க, காந்தத் துடைப்பான் போகணும். ரெண்டு கல் சேரற இடத்துல ஜெல் சூப்பர் க்ளூ, அது மேல எபாக்சி உருண்டை, மறுபடி ஜெல். எபாக்சி மட்டும் வச்சா ஈரப் பாறையில பிடிக்காது.

பொந்துக்கு 20 மி.மீ பிவிசி குழாய், 15 செ.மீ நீளம், ஒரு வளைவுத் துண்டு. பாறை அடியில செருகி, ரெண்டு வாயும் வேற வேற பக்கம் பார்க்கற மாதிரி வைங்க. ஒரே வாய் இருந்தா அது பொந்து இல்லை, பொறி. பெரிய கிளவுனுக்கு 20 மி.மீ.க்குள்ள நுழைய வராது, அதுக்குத்தான் அந்த அளவு. இந்த மாதிரி மூணு: வலது தீவுல ஒண்ணு, நடு இடைவெளி ஓரத்துல ஒண்ணு, முன்பக்கம் மணல் மட்டத்துல ஒண்ணு. முன்பக்கத்தது குழாய் வெளியே தெரியாம கல்துண்டு ஒட்டிடுங்க, அழகுக்குத்தான்.

#13 உப்புமானி

வீட்டுப் பக்கத்துச் சமாச்சாரங்களும் உண்டு. இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் வெளியே கறுப்புத் தாள் ஒட்டுங்கள். மூன்று பக்கம் ஆள் நடமாடுவது தெரிந்தால் எந்தச் சின்ன மீனும் நிம்மதியாக நிற்காது. தொட்டி மேசையின் கதவில் ரப்பர் குமிழ் வையுங்கள். கதவு சாத்தும் டொக் என்ற சத்தம் தண்ணீருக்குள் நாம் கேட்பதைவிடப் பெரிது.

#14 சொட்டுமருந்து

மேல இருக்கற பதிவெல்லாம் படிச்சிட்டு வர்றேன். சாப்பாடு பத்தி யாரும் சொல்லலையே. கூச்சமீன் சாகறது பெரும்பாலும் பட்டினியில. தொட்டிக்கு மேல அள்ளிப் போட்டா கிளவுன் முக்கால்வாசி முடிச்சிடும்.

நான் சொல்ற முறை: 20 மி.லி சிரிஞ்சு, முனையில 40 செ.மீ கெட்டிக் காற்றுக்குழாய். உறைந்த மைசிஸை (இறால் மாதிரி சின்ன உயிரி) தொட்டித் தண்ணியில கரைச்சு வலையில வடிச்சு அலசிடுங்க, அந்தச் சாறு பாஸ்பேட் ஏத்தறதைத் தவிர ஒண்ணுக்கும் உதவாது. கிளவுனுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எதிர் மூலையில குருணை போடுங்க. பம்பை நிறுத்துங்க. சிரிஞ்சு முனையை வளைவாய்க்கு 5, 6 செ.மீ தள்ளி வச்சு மெதுவா ஒரு மி.லி விடுங்க, மீன் மேல பீச்சக் கூடாது. பத்து நிமிஷத்துல பம்பை மறுபடி போட மறக்காதீங்க, தானா போடற டைமர் இருந்தா உத்தமம்.

அளவு முக்கியம். மைசிஸ் 5 மி.மீ.க்கு மேல இருக்கும், ஃபயர்ஃபிஷ் வாய்க்குப் பெரிசு, கவ்வித் துப்பிடும். கத்தியில பொடியா நறுக்குங்க, இல்லைன்னா கலானஸ்ங்கற இன்னும் பொடியான மிதவை உயிரியைக் கொடுங்க. வளர்ந்த ஆர்ட்டீமியாவை (உப்புநீர் இறால்) மட்டுமே நம்பாதீங்க, சத்தூட்டாத ஆர்ட்டீமியா வெறும் சக்கை. ஒரு நாளைக்கு மூணு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. நாலு சின்ன மீனுக்கு ஒரு வேளைக்குக் கால் கட்டி தாராளம்.

ட்ரிம்மா மாதிரி இன்னும் சின்னதுக்குப் புதுசாப் பொரிச்ச ஆர்ட்டீமியாக் குஞ்சு. லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி, பலமாக் காற்று, 18லேர்ந்து 24 மணி நேரத்துல பொரியும். முட்டை ஓடுகளை ஒதுக்கிட்டு உடனே கொடுங்க. மஞ்சள் கருவை அதுவே தின்னு தீர்த்த பிறகு கொடுத்தா மீனுக்குக் கிடைக்கறது வெறும் தோல்தான்.

#15 மணல்மேடு

குறுக்கே ஒரு கேள்வி. ஒரு எவியோட்டா கோபி நல்லா சாப்பிட்டு, நோய் எதுவும் இல்லாம, திடீர்னு இல்லாமப் போயிடுச்சுன்னா எங்கே தப்பு?

#16 உப்புமானி

தப்பே இல்லாமல் இருக்கலாம். எவியோட்டா சிகிலாட்டா என்ற இனம் அதிகபட்சம் 59 நாள்தான் வாழ்கிறது. முதுகெலும்புள்ள உயிர்களிலேயே மிகக் குறுகிய ஆயுள் என்று 2005இல் பதிவானது. அந்தப் பேரினத்தில் எல்லாமே அவ்வளவு குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைக்கு வரும்போது அதன் வயதில் பாதி போயிருக்கலாம். பல வருடம் வேண்டும் என்றால் ராயல் கிராமா, மஞ்சள் அசெசர், வாட்ச்மேன் கோபி பக்கம் போங்கள். அசெசர் பாறைக் குடையின் அடியில் தலைகீழாக நீந்தும். பார்த்துப் பயந்துவிட வேண்டாம், அது நோயல்ல.

#17 சொட்டுமருந்து

புது மீனை விடற விஷயத்துலயும் எச்சரிக்கை. தூரத்திலேர்ந்து ஒரு நாள் பையிலயே வந்த மீனுக்கு மணிக்கணக்கா சொட்டு விடாதீங்க (பைத் தண்ணியில தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக் கலந்து பழக்கறது). பைக்குள்ள மூச்சுக்காற்று கரைஞ்சு பிஎச் இறங்கியிருக்கும், அதனால அமோனியா பெரும்பாலும் அம்மோனியமாத்தான் இருக்கும், அவ்வளவு கெடுதல் இல்லை. பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அமோனியா விஷமாகும். அதுல ஒரு மணி நேரம் சொட்டு விட்டுட்டு இருந்தா செவுளைப் பொசுக்கற வேலை. தனிமைத் தொட்டியோட (புது மீனை முதல்ல தனியா வச்சுக் கவனிக்கற தொட்டி) அடர்த்தியைப் பை அளவுக்கு முன்கூட்டியே இறக்கி வைங்க. பையை 20 நிமிஷம் மிதக்க விட்டு வெப்பம் சரியானதும் திறங்க, மீனை மட்டும் மாத்துங்க. பக்கத்துல வாங்கி அரை மணியில வந்த மீனுக்குச் சொட்டு முறை தாராளமா ஓகே.

தனிமைத் தொட்டியிலயும் கோபிக்கு மணல் வேணும், இல்லைன்னா மிரண்டே சாப்பிடாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல குவார்ட்ஸ் மணல் போட்டு உள்ளே வைங்க. பவள மணல் வேணாம், ஒட்டுண்ணிக்குப் போடற தாமிர மருந்தை உறிஞ்சிடும், அளவு நிக்காது.

#18 பாசிப்பச்சை

பிரதான தொட்டிக்கு மாத்தும்போது ஓட்டை போட்ட தெளிவான அக்ரிலிக் பெட்டியில, ஒரு குழாய்த் துண்டோட, மூணு நாலு நாள் வைங்க. கிளவுன் வந்து முட்டி முட்டி அலுத்துப் போகும். பெட்டிக்குள்ள சாப்பிட ஆரம்பிச்ச பிறகு திறந்தா பாதி வெற்றி. பெட்டி மேல்பக்கமும் மூடியிருக்கணும்.

பக்கத்துல வைக்கக் கூடாதது: ஆறுவரி ராஸ், டாட்டிபேக், டாம்செல். அதுங்க ஃபயர்ஃபிஷ் நுழையற அதே பொந்துக்குள்ள நுழையும், அதனால பொந்து எத்தனை வச்சாலும் பிரயோஜனம் இல்லை. இன்னொரு ஃபயர்ஃபிஷ்ஷும் வேணாம், ஜோடி சேராத ரெண்டு 60 செ.மீ.ல ஒண்ணை ஒண்ணு முடிச்சிடும்.

#19 அலைநுரை

வலது பாறையைப் பிரிச்சாச்சு, மூணு குழாயும் வச்சாச்சு, வலை 6 மி.மீ, பம்பை 1500க்கு இறக்கி மேலே திருப்பிட்டேன். எட்டாவது நாள். முன்பக்கக் குழாய் மேலேயே ஃபயர்ஃபிஷ் நிக்குது, சொடுக்கு எப்பவாவதுதான். நான் கிட்டப் போனா உள்ளே போகுது, ஆனா அரை நிமிஷத்துல திரும்ப வருது. முன்னாடி அரை நாள் ஆகும்.

கோபி இன்னும் இடது மூலையை விட்டு வரலை. கோபியோட ஒரே வளையில வாழற பிஸ்டல் இறால் சேர்த்தா வெளியே வருமா?

#20 வளைக்காவல்

வரும். இறாலுக்குப் பார்வை ரொம்ப மட்டம், ஒரு மீசையைக் கோபி மேல வச்சுகிட்டேதான் மண்ணை அள்ளிட்டு வெளியே வரும். கோபி வாலை ஒரு ஆட்டு ஆட்டினா இறால் உள்ளே. காவல் வேலை கிடைச்ச கோபி வாசல்லயே உட்கார்ந்திருக்கும், நீங்க கேட்கறதும் அதுதானே.

டைகர் பிஸ்டல், ஆல்ஃபியஸ் பெல்லுலஸ், உங்க கோபிக்குப் பொருந்தும். ஆனா 3 செ.மீ மணல் பத்தாது, இடது பாதியிலயாவது 6, 7 செ.மீ வேணும். வெறும் பொடிமணல்ல வளை நிக்காது, கூரை சரிஞ்சுகிட்டே இருக்கும். 1, 2 மி.மீ மணலோட, மூணுல ஒரு பங்கு 5லேர்ந்து 20 மி.மீ பவளத்துண்டும் சிப்பித்துண்டும் கலந்துக்குங்க, இறால் அதை எடுத்து உத்திரம் வைக்கும். புது மணலை நல்லா அலசி, ஒரு நாளைக்கு ஒரு செ.மீ மட்டும் ஏத்துங்க. இருக்கற வளைவாயை மூடிடாதீங்க.

இறாலை விளக்கு அணைஞ்ச பிறகு, ஒரு குழாய் வழியா நேரா கோபி வளை பக்கத்துல இறக்குங்க. கோபி எங்கேன்னு அதுவே தேடிக்கும், ரெண்டு நாள் ஆகலாம், ரெண்டு வாரமும் ஆகலாம்.

#21 சொட்டுமருந்து

தாமிரம் போட்ட தண்ணியோ பாத்திரமோ இறாலுக்கு ஆகாது, தனி வாளி வைங்க. மீன் இருந்த தொட்டித் தண்ணியோட வர்ற இறால் ஓட்டுல வெண்புள்ளி நோய் ஒட்டுண்ணியோட கூடு ஒட்டிகிட்டு வரலாம். கறாரா இருக்கறவங்க மீனில்லாத தொட்டியில 76 நாள் வச்சு எடுப்பாங்க.

#22 அலைநுரை

சரி, மணல் முதல்ல. டக்குன்னு சத்தம் கேட்டா கண்ணாடி விரிசல்னு நினைச்சுக்க வேணாம், அப்படித்தானே?

#23 வளைக்காவல்

அப்படித்தான், அது இறாலோட சொடுக்கு. ஆனா இறால் விடறதுக்கு முன்னாடியே அந்தச் சத்தம் கேட்டா பாறையில மான்டிஸ் இறால் (மீனை வேட்டையாடற வகை) இருக்கான்னு தேடுங்க.

இன்னொண்ணு, தோண்டின மணலை அது முன்பக்கமாத் தள்ளிக் குவிக்கும். மணல் மட்டத்துல பவளம் ஏதாவது இருந்தா இப்பவே கல் மேல ஏத்தி ஒட்டிடுங்க. உங்க முன்பக்கக் குழாயோட வாயும் அடைபடும், வாரத்துக்கு ஒரு தடவை அதே 20 மி.லி சிரிஞ்சால ஊதி விட்டுடுங்க.